ரத்தான நாணயமா, ரத்தான வெற்று வில்லையா, முழுசான பிழை நாணயமா? எதை வாங்கலாம்?

நாணயச்சாலையே நசுக்கிச் செல்லாததாக்கியதால் (அதாவது ரத்து செய்ததால்) அலை அலையாக வரி விழுந்து வட்டம் குலைந்துபோன ஓர் அமெரிக்கக் கால் டாலரின் படத்தைக் காட்டி, "இதை வாங்கலாமா, இல்லை அந்தக் காசுக்கு நல்ல பிழை நாணயம் (தயாரிப்பில் தவறு நேர்ந்த நாணயம்) ஒன்று வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சிலருக்குச் சந்தேகம் இன்னும் உள்ளே போகிறது: அச்சு விழுந்த பிறகு ரத்தானதா, அச்சே விழாத வெற்று வில்லையா (நாணயமாக அச்சடிப்பதற்காக வெட்டிய உலோக வட்டம்)? சான்று பெற்று பிளாஸ்டிக் உறையில் அடைத்தது வேண்டுமா, உதிரியே போதுமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துண்டுகளை நாணயமாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். நாணயச்சாலைக்குள் நடந்த ஒரு வேலைக்கான சாட்சியாக நினைத்து வாங்கினால் கொடுத்த காசுக்கு நிறையவே கிடைக்கும். எந்த வேலையின் சாட்சி உங்களுக்கு வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்தது.

## இந்தத் துண்டுகள் எங்கிருந்து வருகின்றன

நாணயச்சாலையில் உலோகச் சுருளிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். அவற்றை உலையில் சூடாக்கி மென்மையாக்கி, கழுவி, விளிம்பைச் சுற்றிலும் சற்று உயர்த்தி, அதன் பிறகே அச்சடிக்கிறார்கள். எந்தக் கட்டத்திலும் கழிவு வரலாம். அளவு தவறிய வில்லைகள் சல்லடையில் மாட்டும். மையம் விலகி அடிபட்டவை, இயந்திரத்தில் சிக்கி நசுங்கியவை, அச்சுக்கருவி உடைந்த பிறகும் அடிபட்டுக்கொண்டே இருந்தவை எல்லாம் ஒதுக்கப்படும்.

முன்பு இதெல்லாம் அப்படியே உருக்கப் போகும். வழியில் கொஞ்சம் வெளியே நழுவும். அமெரிக்க நாணயச்சாலை 2003 முதல் இந்தக் கழிவை, வரிப்பள்ளம் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்தி நசுக்குகிறது. வெளியே வருவது நெளிநெளியான ஒரு தகடு. சேகரிப்பாளர்கள் அதை வாஃபிள் நாணயம் என்கிறார்கள். உருளையில் புகுந்து வந்ததும் அது பணமில்லை, வெறும் உலோகம். வழியில் யார் எடுத்தாலும் கடையில் செல்லாது. மறுசுழற்சிக்குப் போகும் அந்தக் கழிவில் ஒரு சிறு பங்குதான் சேகரிப்பாளர் கைக்கு வந்து சேர்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

படிக்க முடிவது எவ்வளவு? எந்த நாணயம், எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதெல்லாம் துண்டிலிருந்தே தெரிய வேண்டும்.

போலி செய்வது எவ்வளவு எளிது? பட்டறையில் ஒரு இடுக்கியும் பல் உருளையும் வைத்திருப்பவரால் இதைச் செய்துவிட முடியுமா?

வாங்கிய பிறகு என்ன செலவு? பாதுகாப்பு, உறை, சான்றுக் கட்டணம், அரிப்பு.

விற்கப் போனால் எடுத்துக்கொள்ள ஆள் உண்டா?

முதல் இரண்டும் எனக்கு முக்கியம். விற்பனையைப் பற்றியே யோசிப்பவர்கள் நான்காவதிலிருந்து மேலே வரலாம். அவர்களுக்கான பதிலும் கீழே இருக்கிறது.

## ரத்தான நாணயம்

இதில் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் எந்த நாணயம் என்பதைப் பொறுத்து அது பெரிதும் மாறும்.

1999 முதல் 2008 வரை வந்த மாநில கால் டாலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் பெயரும் வெளியான ஆண்டும் பின்பக்கத்தில் இருக்கும். பிலடெல்பியா நாணயச்சாலையா டென்வர் நாணயச்சாலையா என்று காட்டும் P அல்லது D என்ற மின்ட் குறி முன்பக்கத்தில், வாஷிங்டனின் தலைமுடிக் கட்டுக்குப் பக்கத்தில் சிறியதாக இருக்கும். ஒரு வரிப்பள்ளம் சரியாக அதன்மேல் விழுந்துவிட்டால் குறி போயிற்று. ஆகவே விற்பவர் ஒரு பக்கப் படம் மட்டும் காட்டினால் மறுபக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். மாநிலப் பெயர், ஆண்டு, மின்ட் குறி மூன்றும் தெரிகிற துண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது சரியே. மூன்றில் ஒன்றுதான் தெரிகிறதென்றால் மற்ற சாதாரணத் துண்டுகளின் விலைக்கு மேல் போகாதீர்கள்.

2007இல் தொடங்கிய ஜனாதிபதி டாலர் வரிசை இதற்கு நேர்மாறு. அதில் ஆண்டும் மின்ட் குறியும் முகத்திலேயே கிடையாது, விளிம்பில்தான் இருக்கும். அந்த விளிம்பு எழுத்தும் அச்சடித்த பிறகு வேறொரு இயந்திரத்தில் பொறிக்கப்படுவது. உருளையில் விளிம்பு நசுங்கிவிட்டாலோ, பொறிக்கும் முன்பே நாணயம் ஒதுக்கப்பட்டிருந்தாலோ எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பது துண்டிலிருந்து தெரியாது. ஆண்டை மட்டும் ஜனாதிபதியின் பெயரை வைத்துச் சொல்லிவிடலாம். வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன் நால்வரும் 2007. "டென்வரில் அடித்த ரத்தான ஜனாதிபதி டாலர்" என்று யாராவது விற்றால், விளிம்பில் D எங்கே தெரிகிறது என்று கேளுங்கள்.

அடுத்து, பலர் பணம் இழக்கும் இடம். "அரிய பிழை நாணயம், ரத்தும் ஆகியிருக்கிறது, ஆகவே இரட்டை அரிது" என்று ஒரு விற்பனைப் பேச்சு உண்டு. பிழை இருந்ததால் ஒதுக்கப்பட்டிருக்கலாம், உண்மைதான். ஆனால் என்ன பிழை என்பதை வரிப்பள்ளங்களே பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. ஒன்றிரண்டு கெட்டுப்போனதற்காக அந்தத் தொகுதியே மொத்தமாக உருளைக்குப் போயிருக்கவும் கூடும். அச்சு மையத்திலிருந்து நன்றாக விலகியிருப்பது, அச்சடிக்கும்போது சுற்றிப் பிடிக்கும் வளையத்தின் பிடியில்லாமல் நாணயம் அகன்று பரவியது போன்ற பெரிய பிழைகள்தான் ரத்தான பிறகும் கண்ணுக்குத் தெரியும். தெரிகிற பிழைக்குக் காசு கொடுங்கள், சொல்லப்படுகிற பிழைக்குக் கொடுக்காதீர்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக இருக்கும் இடம் மறுபக்கம் பள்ளமாக இருக்க வேண்டும். நாணயம் முழுவதுமே நெளிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கோடு ஆழமாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தால், யாரோ எதையோ வைத்து அடித்திருக்கிறார்கள். இரண்டாவது, வரிகளின் இடைவெளி ஒரே சீராக ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போகும். நடுவில் வளைந்தாலோ, ஆழம் மாறிக்கொண்டே போனாலோ சந்தேகப்படுங்கள். மூன்றாவது, பயன்பாட்டுத் தேய்மானம். நாணயச்சாலையை விட்டு வெளியே போகாமலே ரத்தானது என்று சொல்லப்படும் நாணயத்தில் முகத்தின் கன்னம், முடி எல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் கதை பொருந்தவில்லை.

எடையும் பாருங்கள், ஆனால் அது என்ன சொல்லும் என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். உருளை உலோகத்தைச் சுரண்டுவதில்லை. கால் டாலர் நசுங்கிய பிறகும் 5.67 கிராம் அளவிலேயே நிற்கும். டைம் (10 சென்ட்) 2.268, நிக்கல் (5 சென்ட்) 5, அரை டாலர் 11.34, டாலர் 8.1. எடை சரியாக இருந்தால் அது எந்த நாணயம் என்பது உறுதியாகும். ரத்து செய்தது நாணயச்சாலைதானா என்பதற்கு எடை சாட்சி சொல்லாது, ஏனென்றால் வீட்டில் நசுக்கினாலும் எடை அதேதான்.

மறைமுகச் செலவு உலோகத்தில் இருக்கிறது. டைம், கால் டாலர், அரை டாலர் மூன்றும் செம்புக் கருவின் இரு பக்கமும் செம்பு-நிக்கல் கலவை ஒட்டிய அடுக்குத் தகடு. இவை ஓரளவு தாங்கும். டாலரின் மாங்கனீசு-பித்தளை மேற்பரப்பு காற்றுப்பட்டால் பழுப்பேறும். ஆபத்தானது சென்ட். 1982இல் தொடங்கி அமெரிக்க சென்ட் 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. நசுங்கும்போது பூச்சு வெடித்து உள்ளே இருக்கும் துத்தநாகம் வெளியே தெரிந்தால், ஈரம் பட்டதும் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கிவிடும். ரத்தான சென்ட் கண்ணில் பட்டால், பூச்சு கிழியாததை மட்டும் எடுங்கள். கிழிந்தது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

## ரத்தான வெற்று வில்லை

வில்லையில் இரண்டு வகை. சுருளிலிருந்து வெட்டியபடியே, விளிம்பு தட்டையாக இருப்பது முதல் வகை. விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தைத் தாண்டி, ஓரத்தில் மெல்லிய வரப்புடன் இருப்பது இரண்டாம் வகை. நாணயம் உருவாகும் வழியில் இவை இரண்டும் அடுத்தடுத்த படிகள். செய்முறையில் ஆர்வம் உள்ளவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

ஆனால் இது தன்னைப் பற்றிச் சொல்வது குறைவு. ஆண்டில்லை, நாணயச்சாலைக் குறியில்லை, உருவமில்லை. எடையும் உலோகமும் மட்டும்தான் அடையாளம். ரத்தாகாத வில்லை என்றால் விட்டத்தை அளந்து வகையைச் சரிபார்க்கலாம். விளிம்பு உயர்த்தும்போது விட்டம் சற்றுக் குறையும் என்பதால் இரண்டு வகைக்கும் வித்தியாசம் தெரியும். ரத்தானதில் அந்த வழியும் அடைந்துவிடுகிறது. உருளை வில்லையை இழுத்து நீட்டிவிடுவதால் விட்டம் பொய் சொல்லும். வரிகள் தேயும் ஓரங்களில் வரப்பு மிச்சம் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பது ஒன்றுதான் வழி. அடுக்குத் தகடு என்றால் விளிம்பில் செம்புக் கோடு தெரிய வேண்டும். தெரியாத ஒன்றைக் கால் டாலர் வில்லை என்று ஏற்காதீர்கள்.

இன்னொரு கேள்வி: ரத்தாகாத வெற்று வில்லையே கிடைக்கும்போது ரத்தானது எதற்கு? ரத்தாகாத வில்லை பார்ப்பதற்கு ஒரு உலோக வட்டம், அவ்வளவுதான். தொழிற்சாலையில் வெட்டிய வேறு ஏதோ வட்டத்தை அதன் பெயரில் விற்பவர்கள் உண்டு. ரத்தானதில் உருளையின் தடம் சேர்வதால், அது எங்கே போய்வந்தது என்பதற்கு ஓர் அடையாளமாவது கிடைக்கிறது. அந்தத் தடம் போலி இல்லை என்பதை மேலே சொன்ன வழிகளில் உறுதிசெய்த பிறகுதான், அது வேறு.

தனியாக ஒரு வில்லை வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதே மதிப்பு நாணயம் ரத்தானது ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் வில்லை பேசும்.

## ரத்தாகாத பிழை நாணயம்

பிழையைத்தான் சேகரிக்கிறீர்கள் என்றால் இதுவே உங்கள் வழி. பிழை முழுதாகத் தெரியும், சாதாரண உறைகளில் பொருந்தும், நாணயத்தைச் சோதித்துச் சான்று தரும் தரப்படுத்தும் நிறுவனங்கள் 70 வரையிலான அளவுகோலில் எண் தரம் தரும், விற்கவும் ஆள் அதிகம்.

செலவு விலையில் மட்டும் இல்லை, படிப்பிலும் இருக்கிறது. நாணயச்சாலையில் நடந்த பிழையையும், வெளியே வந்த பிறகு பட்ட அடியையும் பிரித்தறியக் கற்க வேண்டும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கியது, அமிலத்தில் கரைந்தது, சுத்தியலால் அடித்தது எல்லாம் பிழை நாணயமாக விலைபோகின்றன.

காலமும் முக்கியம். வாஷிங்டன் கால் டாலரின் முகமும் சகாகவேயா உருவம் போட்ட ஒரு டாலர் நாணயத்தின் பின்பக்கமும் சேர்ந்து அடிபட்ட 2000ஆம் ஆண்டு நாணயம் ரத்து உருளைக்கு முந்தைய காலத்தது. அதற்குப் பிறகும் பிழைகள் நழுவிக்கொண்டுதான் இருக்கின்றன. 2004 விஸ்கான்சின் கால் டாலரில் சோளக் கதிரில் ஒரு இலை கூடியது, 2007 வாஷிங்டன் டாலரில் விளிம்பு எழுத்தே விடுபட்டுப் பெரிய எண்ணிக்கையில் வெளியே வந்தது. கவனித்தால் இவை இரண்டும் அளவிலோ வடிவத்திலோ மாறாதவை, ஆகவே சல்லடையில் சிக்காதவை. கண்ணைப் பறிக்கும் அளவுக்கு உருக்குலைந்த, அண்மை ஆண்டு போட்ட பிழை நாணயம் ஒன்று உங்களிடம் வந்தால் அது எப்படி வெளியே வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

## ஐரோப்பியத் துண்டுகள்

யூரோ வந்தபோது ஜெர்மனி திரும்பப் பெற்ற மார்க் நாணயங்களும் இதேபோல் நெளித்து ரத்து செய்யப்பட்டன. ஒப்பிட ஒரு துண்டு வைத்துக்கொள்ள நல்லது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நெளியாத மார்க்கை ஜெர்மன் மத்திய வங்கி இன்றும், காலவரம்பில்லாமல், ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் கணக்கில் மாற்றித் தருகிறது. நெளிந்ததற்கு அந்த மதிப்பும் கிடையாது.

ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்களில் வளையமும் நடுப்பகுதியும் தனித்தனி உலோகம். அவற்றைப் பிரித்துவிட்டால் ரத்து என்று விட்டதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பிரித்துக் கழிவாக விற்ற பாகங்கள் சீனாவில் மறுபடி சேர்க்கப்பட்டு, சேதமடைந்த நாணயம் என்ற பெயரில் ஜெர்மன் மத்திய வங்கியிலேயே மாற்றப்பட்டதாக அரசு வழக்கறிஞர்கள் 2011இல் தெரிவித்தார்கள். 2007 முதல் 2010 வரை சுமார் 29 டன், மதிப்பு சுமார் 60 லட்சம் யூரோ. பயணப்பெட்டியில் கொண்டுவர விமானப் பணியாளர்கள் உதவியதாகவும் செய்தி வந்தது. வரிப்பள்ள உருளையின் அருமை இங்கேதான் தெரியும்: நெளிந்ததை யாரும் திரும்ப நேராக்கிக் கொடுத்துவிட முடியாது. நமக்கு இதில் உள்ள பாடம், பிரிந்த வளையத்தையும் நடுப்பகுதியையும் தனித்தனியாக வாங்கி "ரத்தான யூரோ" என்று சேர்க்காமல், நெளிந்த தடம் உள்ளதை மட்டும் எடுப்பது.

ரத்தான அச்சுக்கருவிகள் தனி உலகம். 1999இல் அமெரிக்காவில், நெவாடாவின் கார்சன் சிட்டி பழைய நாணயச்சாலை வளாகத்தில், X போட்டு ரத்து செய்து புதைத்த கருவிகள் நூற்றுக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றின்மேல் ஆசை இருந்தால் அதற்கு வேறு பணப்பை வேண்டும்.

## உறையில் அடைத்ததா, உதிரியா

ரத்தானவற்றுக்குத் தரப்படுத்தும் நிறுவனங்கள் பெரும்பாலும் எண் தரம் தருவதில்லை, "ரத்தானது" என்ற குறிப்போடு அடைத்துத் தருகின்றன. ஆக, கட்டணம் கொடுத்து நீங்கள் வாங்குவது உண்மைத்தன்மைக்கு ஒரு உறுதி மட்டும். சாதாரண கால் டாலர் துண்டு ஒன்றுக்குச் சான்றுக் கட்டணமும் அஞ்சல் செலவும் துண்டின் விலையையே தாண்டிவிடும். ஏற்கெனவே யாரோ அடைத்ததை வாங்குவது இதைவிட மலிவாக முடியும். தெளிவான பெரும் பிழை தெரிகிற துண்டுக்கு மட்டும் புதிதாக அனுப்புவதில் அர்த்தம் உண்டு.

உதிரியாக வைப்பவர்கள் நாணயத்துக்கென்று செய்த வட்டக் குப்பியில் திணிக்கப் பார்க்காதீர்கள். நீண்டு நெளிந்திருப்பதால் பொருந்தாது, அழுத்தினால் கீறல் விழும். ஒரு அளவு பெரிய மைலார் (பாலியெஸ்டர்) பை எடுங்கள். பிவிசி பை வேண்டவே வேண்டாம், அது வெளியிடும் அமிலம் செம்பைப் பச்சையாக்கும், பள்ளங்களுக்குள் போன பச்சையை எடுப்பது பெரும்பாடு.

## ஒரே பார்வையில்

| | ரத்தான நாணயம் | ரத்தான வில்லை | ரத்தாகாத பிழை |
|---|---|---|---|
| படிக்க முடிவது | துண்டைப் பொறுத்து. கால் டாலரில் நிறைய | எடை, உலோகம், சில சமயம் வரப்பு | எல்லாமே |
| போலி அபாயம் | நடுத்தரம்; இரு பக்கமும் பார்த்தால் தெரியும் | அதிகம் | அதிகம்; கற்றுத்தான் தப்ப முடியும் |
| மறைமுகச் செலவு | பெரிய உறை. சென்ட் என்றால் அரிப்பு | ஜோடி நாணயமும் வாங்க வேண்டும் | சான்றுக் கட்டணம் |
| விற்பனை | குறுகிய வட்டம் | மிகக் குறுகியது | பரந்தது |
| முகமதிப்பு | இல்லை | எப்போதும் இருந்ததில்லை | உண்டு |

## யாருக்கு எது

முதல் துண்டு வாங்குபவர் ரத்தான மாநில கால் டாலரில் தொடங்குங்கள். 2003க்குப் பிந்தைய ஆண்டு, இரு பக்கமும் படிக்க முடிவது, உதிரி. அது பிடித்துவிட்டால் அடுத்து அதே கால் டாலரின் வில்லை.

நாணயம் எப்படி உருவாகிறது என்று மாணவர்களுக்கோ சேகரிப்பாளர் சங்கத்திலோ காட்டுபவர் என்றால், இரண்டு வகை ரத்தான வில்லை, ரத்தான நாணயம் ஒன்று, கூடவே நல்ல நாணயம் ஒன்று என்று நான்கையும் ஒரே மதிப்பில் வரிசையாக வையுங்கள். பிழை நாணயம் இங்கே தேவையில்லை.

பிழைகளை ஆராய்பவரும், பின்னாளில் விற்க நினைப்பவரும் அந்தப் பணத்தை ரத்தாகாத, சான்று பெற்ற ஒரே ஒரு நல்ல பிழை நாணயத்தில் போடுங்கள். பத்து வாஃபிள் துண்டுகளை விற்க ஆள் தேடுவதைவிட அந்த ஒன்றை விற்பது எளிது. மையம் விலகியது தெளிவாகத் தெரிகிற ரத்தான துண்டு நியாயமான விலைக்கு வந்தால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம்.

மொத்தமாக, எடைக்கு எடை வாங்கச் சொல்லி யாராவது அழைத்தால், கலவையில் சென்ட் எவ்வளவு, ஆண்டு தெரிகிற துண்டுகள் எவ்வளவு என்று மாதிரி பார்த்த பிறகே பேசுங்கள். விற்பவர் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சியதுதான் பெரும்பாலும் எடைக்கு வரும்.